மெகர் நல்ல ரீடிங் காட்டுகிறது, ஒயர் உதிர்கிறது: எதை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பல வருடம் ஓடிய ஒரு மூன்று ஃபேஸ் மோட்டார். டெர்மினல் பெட்டியைத் திறந்து, உள்ளிருந்து வெளியே வரும் லீட் ஒயரை லேசாக வளைத்ததுமே மேலிருந்த இன்சுலேஷன் (காப்பு) காய்ந்த சருகு மாதிரி நொறுங்கிக் கொட்டியது. அதே மோட்டாரில், காப்பின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெகரை வைத்தால் 500 மெகாஓம் காட்டுகிறது. இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா, செத்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். கூடவே, "10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி" என்ற கணக்கை வைத்து இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்று சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: வெப்பம் பிளாஸ்டிக்கிலும் ரப்பரிலும் முதலில் எதைக் கெடுக்கிறது, அந்தக் கேட்டைப் பார்க்கும் கண் எந்தக் கருவிக்கு இருக்கிறது?

கேபிள் சோதனைக் கூடத்தில் பல வருடம் அடுப்புகளோடு குப்பை கொட்டிவிட்டு, பிறகு மோட்டார் ரீவைண்டிங் பக்கம் வந்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், நீங்கள் பார்த்த இரண்டுமே உண்மை. வெப்பம் முதலில் கெடுப்பது காப்பின் உடல்வாகை. வளையும் தன்மை, நீளும் தன்மை, அடி தாங்கும் தன்மை எல்லாம் போன பிறகும் மின்சாரத்தைத் தடுக்கும் குணம் வெகுநாள் மிச்சமிருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பல வாரம் அடுப்பில் வெந்த ஒரு ஒயர்த் துண்டை நேராகக் கிடத்தி 2000 வோல்ட் கொடுத்தோம், அசையாமல் தாங்கியது. அதையே ஒரு கம்பியைச் சுற்றி வளைத்ததும் நகம் வெட்டுவதுபோல ஒரு சத்தம், உள்ளே செம்பு தெரிந்தது. பக்கத்தில் இருந்த மூத்தவர் "பட்ட மரம் தம்பி, காத்து அடிக்கிறவரைக்கும் நிக்கும்" என்றார். இத்தனை வருடத்தில் வெப்ப மூப்பைப் பற்றி இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மெகர் ஏன் இதைப் பார்ப்பதில்லை? அது அளப்பது வைண்டிங்குக்கும் (உள்ளே சுற்றிய கம்பிச் சுருளுக்கும்) மோட்டார் உடலுக்கும் இடையில் கசியும் மின்னோட்டத்தை. காப்பில் விரிசல் விழுந்தாலும் அந்த விரிசலுக்குள் இருப்பது உலர்ந்த காற்று. காற்றே நல்ல காப்புதான். ஒயர் இரும்பைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி நின்றால், மேல்தோலே இல்லாத செம்புகூட மெகரில் நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். நீங்கள் பார்த்த 500-இல் ஒரு பகுதி உங்கள் டெர்மினல் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் ரீடிங். அதே விரிசலில் ஈரமும் தூசியும் சேர்ந்த ஒரு மழைக்கால நாளில் எண் சட்டென்று விழும். உலர்ந்த நாளில் உச்சத்திலும் ஈர நாளில் பாதாளத்திலும் மாறி மாறி ரீடிங் வந்தால், என் முதல் சந்தேகம் விரிசல்மேல்தான். இன்னொரு வேடிக்கை, வெப்பத்தில் மூத்த காப்பு சில சமயம் புதியதைவிட அதிக மெகாஓம் காட்டும். உள்ளே இருந்த ஈரமும், பிவிசியாக இருந்தால் அதை மென்மையாக வைத்திருந்த எண்ணெய்ப் பொருளும் வெளியேறிவிட்டதால், அயனிகள் நகர வழி குறைந்துபோயிருக்கும். ரீடிங் வருடாவருடம் ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கேயே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். காப்பின் மின்தடையும் ஏறத்தாழ 10 டிகிரிக்கு ஒருமுறை பாதியாகும் என்று சொல்வார்கள். அது அந்த நிமிடத்து வெப்பநிலையைப் பொறுத்தது; மோட்டார் ஆறியதும் மின்தடை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் மெகர் ரீடிங்கை 40 டிகிரிக்குத் திருத்தி ஒப்பிடுகிறோம். நீங்கள் கேட்ட "ஆயுள் பாதி" கணக்கோ திரும்பி வராத வேதிமாற்றத்தைப் பற்றியது. இரண்டிலும் 10, பாதி என்ற அதே சொற்கள் வருவதால் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

அந்த வேதிமாற்றம் என்ன? பாலிமர் என்பது நீளநீளமான கார்பன் சங்கிலிகளின் சிக்கல். வெப்பம் எங்கோ ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்துவிட, அந்த இடத்தில் கைநீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு ரேடிக்கல் உருவாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதில் வந்து ஒட்டுகிறது. ஒட்டியது சும்மா இராமல் அடுத்த சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்துக்கொண்டு ஹைட்ரோபெராக்சைடு ஆகிறது. அது உடையும்போது இரண்டு புதிய ரேடிக்கல்கள் பிறக்கின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகும் கதை. இதில் சங்கிலிகள் துண்டாகவும் செய்யலாம், பக்கத்துச் சங்கிலியோடு குறுக்கே பிணையவும் செய்யலாம். துண்டாவது மிஞ்சினால் பொருள் பிசுபிசுப்பாகும் அல்லது பொடியாகும். இயற்கை ரப்பர் முதலில் இப்படி இளகும். குறுக்குப் பிணைப்பு மிஞ்சினால் விறைக்கும். நியோப்ரீன், இபிடிஎம் போன்ற ரப்பர்கள் பெரும்பாலும் இந்த வழியில் போகின்றன. உங்கள் லீட் ஒயர் நொறுங்கியது இந்த இரண்டாவது வழியாக இருக்கலாம், அல்லது கீழே சொல்லப்போகும் பிவிசி கதையாக இருக்கலாம். மேலே என்ன பொருள் என்று தெரியாமல் அதை அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

தயாரிப்பாளர்கள் இதைத் தடுக்க ஆன்டிஆக்சிடன்ட் சேர்க்கிறார்கள். அது ரேடிக்கல்களுக்குத் தன்னையே பலிகொடுத்து சங்கிலியைக் காப்பாற்றும். அது இருக்கும்வரை வெளியே எந்த மாற்றமும் தெரியாது. இழுத்துப் பார்த்தால் புதியது மாதிரியே நீளும். கையிருப்பு தீர்ந்ததும் சரிவு தொடங்கும், சரிவு தொடங்கினால் வேகமாக விழும். ஆகவே நீட்சியின் வரைபடம் மேசை மாதிரி சமமாகப் போய் விளிம்பில் கவிழ்கிறது. மீதி ஆயுளைச் சொல்வது கடினமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்: மேசையின் நடுவில் நிற்பவனும் விளிம்பில் நிற்பவனும் ஒரே உயரத்தில் தெரிவார்கள். ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவு மிச்சம் என்று அளக்க, சில மில்லிகிராம் சீவலை ஆக்சிஜனில் சூடாக்கி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை உண்டு. பாலிஎத்திலீன் குடும்பத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். செம்பு வேறு இந்த ஆக்சிஜனேற்றத்தை ஊக்குவிக்கும்; பாலிஎத்திலீன் காப்பில் செம்பின் வேலையை முடக்கும் சேர்மானங்களும் சேர்ப்பது அதனால்தான்.

பிவிசியின் கதை வேறு. சுத்தமான பிவிசி விறைப்பானது. அதை வளைய வைப்பது கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர். வெப்பத்தில் முதலில் ஆவியாகியும் கசிந்தும் போவது அதுதான். அதனால் பிவிசி ஒயர் மூப்படைவதில் பாதி, ரசாயனம் சிதைவதற்கு முன்பே எண்ணெய் வற்றிப்போவது. அடுத்த கட்டத்தில் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்று வருகிறது. வந்த அமிலம் அடுத்தடுத்த கழற்றலைத் தானே தூண்டும். சேர்த்திருக்கும் ஸ்டெபிலைசர் அதை விழுங்கி முடிக்கும்வரை தாக்குப்பிடிக்கும். கழன்ற இடங்களில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உருவாவதால் நிறம் மஞ்சள், பழுப்பு, கருப்பு என்று மாறுகிறது. ஸ்விட்ச் பின்னால் வெள்ளை ஒயர் பழுப்பாகியிருந்தால் அங்கே ஒரு இணைப்பு தளர்ந்து சுட்டிருக்கிறது என்று நாம் ஊகிப்பது இந்த வேதியியலை வைத்துத்தான். சாதாரண பிவிசிக்குக் கடத்தியின் தொடர் வெப்பநிலை 70 டிகிரி என்றும், எக்ஸ்எல்பிஇக்கும் (குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன்) இபிஆருக்கும் (எத்திலீன் புரோப்பிலீன் ரப்பர்) 90 என்றும் வைத்திருப்பதில் இந்த வித்தியாசம் எல்லாம் அடங்கியிருக்கிறது. சிலிக்கோன் ரப்பர் 180 வரை போகும், ஆனால் நகத்தால் கீறினாலே கிழியும். ஈரத்தோடு காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கினால் அதுவும் இளகிப்போகும். டெஃப்லான் 260 டிகிரியிலும் அசராது.

உடல் முதலில், மின்குணம் கடைசியில் என்பதற்கு மிகச் சுத்தமான சான்று எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரின் காகிதத்தில் கிடைக்கிறது. காகிதமும் பாலிமர்தான், செல்லுலோஸ். புதிதில் ஒரு சங்கிலியில் 1000 முதல் 1200 குளுக்கோஸ் அலகுகள் இருக்கும். வெப்பமும் ஈரமும் அதை வெட்டிக்கொண்டே வந்து 200 அலகில் நிறுத்தினால், காகிதத்தின் ஆயுள் முடிந்தது என்று கணக்கு. அந்த 200 அலகு காகிதம் எண்ணெயில் ஊறி அசையாமல் இருந்தால் வோல்ட்டேஜைக் கிட்டத்தட்ட முன்புபோலவே தாங்கும். வெளியே ஒரு ஷார்ட் சர்க்யூட் வந்து சுருள்கள் உதறும்போதுதான் அது கிழியும், டிரான்ஸ்ஃபார்மர் போகும். உங்கள் லீட் ஒயரை உங்கள் கை உதறியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி அந்த 10 டிகிரி கணக்கு. 1889-இல் வேதியியலாளர் அரேனியஸ், வேதிவினையின் வேகம் வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக ஏறுவதைச் சமன்பாடாக்கினார். 1930-இல் மான்ட்சிங்கர் டிரான்ஸ்ஃபார்மர் காப்பை ஆராய்ந்து, 8 டிகிரிக்கு ஒருமுறை ஆயுள் பாதியாவதாக எழுதினார். 1948-இல் டேக்கின் இரண்டையும் சேர்த்தார்: காப்பின் மூப்பு ஒரு வேதிவினை, ஆகவே அது அரேனியஸுக்குக் கட்டுப்படும். இன்று வரும் எல்லா ஆயுள் கணக்குக்கும் இதுதான் அடித்தளம். அதில் 10 என்பது மனதில் நிற்பதற்காக உருட்டிய எண். டிரான்ஸ்ஃபார்மர் காகிதத்துக்கு ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வழிகாட்டி 6 டிகிரி என்கிறது. ஒரே பொருளிலும் அது நிலையாக நிற்காது. கிளர்வு ஆற்றல் (வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) மோலுக்கு 100 கிலோஜூல் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60-இலிருந்து 70 டிகிரிக்குப் போனால் மூப்பு 2.9 மடங்கு வேகமாகும், 100-இலிருந்து 110-க்கு 2.3 மடங்கு, 150-இலிருந்து 160-க்கு 1.9 மடங்கு. ஆக "பாதி" என்பது ஓரளவு சரியாக வருவது உயர்ந்த வெப்பநிலைகளில்தான்.

ஒப்பிடுவதற்கு இந்த விதி அருமையானது. உங்கள் மோட்டார் எப்போதும் 10 சதவீதம் அதிக கரன்ட் இழுக்கிறது என்று வையுங்கள். செம்பில் உண்டாகும் வெப்பம் 21 சதவீதம் கூடும். வெப்ப ஏற்றம் (சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாகச் சூடாகும் அளவு) 80 டிகிரியாக இருந்தது ஏறத்தாழ 97-ஐ நோக்கிப் போகும் (இரும்பில் உண்டாகும் இழப்பு மாறாது என்பதால் கொஞ்சம் குறைவாகவே வரும்). விதிப்படி ஆயுள் மூன்றில் ஒரு பங்காகும். மூன்று ஃபேஸ் வோல்ட்டேஜ் சமமாக இல்லாவிட்டால் இன்னும் மோசம், 3.5 சதவீத ஏற்றத்தாழ்வுக்கே வெப்ப ஏற்றம் சுமார் 25 சதவீதம் கூடும். இப்படி "எது எதைவிடக் கெடுதல்" என்று தெரிந்துகொள்ள இதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் எதில் மூன்றில் ஒரு பங்கு? மூல ஆயுள் எத்தனை வருடம்? அதை விதி சொல்லாது.

காப்பின் வெப்பத் தரங்களான கிளாஸ் எஃப் 155 டிகிரி, கிளாஸ் எச் 180 டிகிரி என்ற எண்களை வைத்து அந்த மூல ஆயுளைப் பிடிக்கலாமே என்று தோன்றும். ஐஇசி 60216 முறையில் ஒரு பொருளின் வெப்பக் குறியீடு பொதுவாக 20,000 மணி நேரத்துக்கான வெப்பநிலை. இடைவிடாமல் ஓடினால் 2 வருடம் 3 மாதம். பலரும் நினைப்பதைவிட மிகக் குறைவு. மோட்டார்கள் பத்து இருபது வருடம் ஓடுவது, அவை அந்த வெப்பநிலையை எப்போதாவதுதான் தொடுகின்றன என்பதால். அந்த 20,000 மணி நேரமும் "நீட்சி பாதியாகும்வரை", "குறிப்பிட்ட வோல்ட்டேஜைத் தாங்காமல் போகும்வரை" என்று யாரோ தேர்ந்தெடுத்த ஒரு அளவுகோலைப் பொறுத்தது. அளவுகோலை மாற்றினால் அதே பொருளுக்கு வேறு எண் வரும்.

அடுப்புச் சோதனையிலிருந்து வருடங்களுக்குத் தாவுவதில்தான் எனக்கு உண்மையான தயக்கம். எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு 135 டிகிரியில் 7 நாள் அடுப்புச் சோதனை உண்டு. அதில் தேறினால் 90 டிகிரியில் எத்தனை நாளுக்குச் சமம்? மேலே சொன்ன அதே 100 கிலோஜூலைப் போட்டால் சுமார் 39 மடங்கு, அதாவது 270 நாள். ஒரு வருடம்கூட இல்லை. சோதனைத் தாளைக் காட்டி "30 வருடம் கேரண்டி" என்று யாராவது சொன்னால் இந்தப் பெருக்கலைப் போட்டுக் காட்டுங்கள். அந்தச் சோதனை மோசமான கலவையைக் கழித்துக்கட்டத்தான் வந்தது. இன்னொரு சிக்கல், பாலிஎத்திலீனின் படிகப் பகுதிகள் 105, 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும். 135-இல் ஆக்சிஜன் எங்கும் நுழையலாம்; 90-இல் படிகத்துக்குள் அதற்கு இடமில்லை. உருகியதிலிருந்து உருகாததற்குக் கோடு நீட்டுகிறோம். தடித்த ரப்பரில் இதற்கு எதிர்மாறு: அடுப்பின் வேகத்தில் ஆக்சிஜன் மேற்பரப்பிலேயே செலவாகி, வெளியே ஓடும் உள்ளே இளசுமாக ஒரு தேங்காய் மாதிரி ஆகிவிடும். குறைந்த வெப்பத்தில் வருடக்கணக்கில் கிடந்த ரப்பரோ முழு ஆழத்துக்கும் கெட்டிருக்கும். சில ரப்பர்களில் வெப்பநிலை குறையக் குறையக் கிளர்வு ஆற்றலும் குறைவதாக அளந்திருக்கிறார்கள். அப்படியானால் நேர்க்கோடு சொல்லும் ஆயுள் நிஜத்தைவிட நீளமாக வரும்.

ஆகவே உங்கள் மோட்டாருக்கு "இன்னும் இத்தனை வருடம்" என்று ஒரு எண் தர மாட்டேன்; தருபவரை நம்பவும் வேண்டாம். என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்கிறேன். மின்சாரத்தை முழுவதும் துண்டித்துப் பூட்டிவிட்டு, ஒயர் எங்கே நொறுங்குகிறது என்று பாருங்கள். லக்கை (ஒயர் நுனியில் இணைப்புக்காகப் பொருத்தும் உலோக முனையை) ஒட்டிய ஓரிரு அங்குலத்தில் மட்டும் என்றால் குற்றவாளி தளர்ந்த இணைப்பு. அதிலும் மூன்றில் ஒரே ஒரு ஃபேஸ் என்றால் சந்தேகமே வேண்டாம். லக்கை வெட்டிப் புதிதாகப் போட்டால் தீர்ந்தது. மூன்று லீடும் நீளம் முழுவதும் ஒரே மாதிரி நொறுங்கினால் மோட்டாரே சூடாக ஓடியிருக்கிறது. அப்போதும் வைண்டிங் செத்துவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். லீட் ஒயர் வைண்டிங்கைவிடக் கீழ்க் கிளாஸ் பொருளாக இருப்பது சகஜம். உள்ளே கம்பிமேல் பூசியிருக்கும் எனாமல் பாலிஎஸ்டர்இமைடாகவோ பாலிஅமைடுஇமைடாகவோ இருந்தால் லீடைவிட எவ்வளவோ தாங்கியிருக்கும். வார்னிஷ் கறுத்திருப்பது மட்டும் சாவுக்கு அடையாளமில்லை. விரல் நகத்தால் தட்டினால் பொரிப்பொரியாக உதிர்கிறதா, சுருள் முனைகள் கையால் அசைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், காய்ந்த எனாமல் ஒன்றோடொன்று உரசித் தேயும், சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். அதை மெகர் ஜென்மத்துக்கும் காட்டாது, ஏனென்றால் ஒரே கம்பியின் இரண்டு சுற்றுகளுக்கு இடையில் அது அளப்பதே இல்லை. சர்ஜ் டெஸ்டர் (சுருளுக்குள் உயர் வோல்ட்டேஜ் துடிப்பை அனுப்பிச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கும் ரீவைண்டிங் கடையில் பார்க்கச் சொல்லுங்கள்; மூன்று ஃபேஸின் அலைவடிவமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். மூத்த வைண்டிங்கில் அந்தச் சோதனையே கடைசி அடியாகிவிடும் அபாயம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டத்தில் இருக்கும்போது நின்றால் பெரிய நஷ்டம் என்றால் அந்த அபாயத்தை எடுக்கலாம். மாற்று மோட்டார் தயாராக இருந்தால் எடுக்கத் தேவையில்லை.

லீடை மாற்றும்போது வைண்டிங்கின் கிளாஸுக்குக் குறையாத ஒயராகக் கேட்டு வாங்குங்கள், சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழை ஸ்லீவ் போட்டு இறக்குங்கள். அதே ஒயரில் ஓரிரண்டு அடி கூடுதலாக வெட்டி, இரு முனையையும் மூடி, எதிலும் இணைக்காமல், டெர்மினல் பெட்டிக்குள் லீடோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். அணுமின் நிலையங்களில் கேபிளுக்கு இப்படித்தான் துண்டுகளை உள்ளேயே போட்டுவைத்துக் காலாகாலத்தில் எடுத்துச் சோதிப்பார்கள். அங்கே அறுபடும் நீட்சி 50 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆயுள் முடிந்தது என்று வைப்பது வழக்கம். உங்களிடம் இழுவை இயந்திரம் இருக்காது. வருடம் ஒருமுறை, மோட்டாரை நிறுத்தி ஆறவிட்டு, அதிலிருந்து இரண்டு அங்குலம் வெட்டி உங்கள் பேனாவைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். விரிசல் தெரிகிற வருடம், லீடைத் தொடாமல் எனக்கு எழுதுங்கள்.